இரண்டு நாள் பயிலரங்கா, பத்து மாதம் ஒரே கோப்பா? நிருபர்களுக்கு ஆர்.டி.ஐ. கற்றுக்கொடுக்கும் வழிகள்

எங்கள் இதழுக்கு வந்த முதல் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதில் ஒரே ஒரு வரிதான். "தாங்கள் கோரியிருப்பது கேள்வி வடிவில் உள்ளதால், தகவல் வழங்க இயலாத நிலை உள்ளது எனத் தெரிவிக்கப்படுகிறது." மேலே ந.க. எண் என்கிற கோப்பு எண், கீழே பச்சை மையில் கையெழுத்து. முப்பது நாள் காத்திருந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

மனுவை எடுத்துப் பார்த்தேன். "பேருந்து நிலையச் சாலை போட்ட ஆறே மாதத்தில் பெயர்ந்தது ஏன்? இதற்கு யார் பொறுப்பு? நடவடிக்கை எடுக்கப்படுமா?" என்று நிருபர் கேட்டிருந்தார். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் மைக்கை நீட்டிக் கேட்க வேண்டிய கேள்விகள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத்தான் தரும். இருக்கிற தகவலைக் கொடுத்தால் போதும், புதிதாக உருவாக்கியோ விளக்கம் சொல்லியோ தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் சொல்லிவிட்டது. மனுவை அனுப்பிய நிருபர் ஒன்றும் அறியாதவரும் இல்லை. நான்கு மாதம் முன்புதான் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய், சான்றிதழும் ஒரு துணிப்பையும் வாங்கி வந்திருந்தார்.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. ஐந்து நிருபர்கள் உள்ள மாவட்ட இதழ் எங்களுடையது. பயிற்சிக்கு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்று யோசித்தபோது கண்ணில் பட்ட வழிகளைத்தான் இங்கே ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன். எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்கள் நிறைய இருப்பதால் யாருக்காவது பயன்படலாம்.

முதலில் கெடுவை எண்ணிப் பார்ப்போம்

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது யாரும் காலண்டரை எடுப்பதில்லை. மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பதில் தர 30 நாள். வேறு அலுவலகத்துக்குரியது என்றால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வரவில்லை, அல்லது மழுப்பல் என்றால் அதே துறையில் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதைப் போட நமக்கு 30 நாள், முடிவு சொல்ல அவருக்கு 30 நாள், மிஞ்சினால் 45. அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை.

ஆக, ஒரு சாதாரண மனு சண்டையில்லாமல் முடிந்தால்கூட ஒரு மாதம். கொஞ்சம் இழுத்தால் நான்கைந்து மாதம். ஆணையம் வரை போனால் அடுத்த தீபாவளிக்கும் அது ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டவர், தன் முதல் பதில் கைக்கு வரும்போது ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியாக நிற்கிறார். தவறு தெரிவது அந்த நாளில்தான். கற்றுக்கொள்ள மனம் இருப்பதும் அந்த நாளில்தான். என் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான்.

(இலங்கையில் கடிகாரம் வேறு. அங்கே 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவர் இதே கணக்கைப் போட்டால் மாதங்கள் கொஞ்சம் சுருங்கும்.)

பயிலரங்கு

இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நல்ல பயிலரங்கு ஒன்றைத் தரும்: கூச்சத்தைப் போக்கும். சின்ன ஊர் நிருபருக்கு அலுவலகத்தில் தினமும் முகம் பார்க்க வேண்டிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்பதே பெரிய தயக்கம். "இது என் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை" என்று ஒருவர் மேடையில் நின்று சொல்லும்போது அந்தத் தயக்கம் உடையும். சட்டத்தின் 6(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றமே மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்ற பொருளில் ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டு, சில நாட்களிலேயே தானாக அந்தப் பகுதியை நீக்கிக்கொண்டது. இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

புலனாய்வையே தொழிலாக வைத்திருக்கும் தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் போன்ற குழுக்கள் நடத்தும் பயிற்சி என்றால் கதையே வேறு. அங்கே பாடம் எடுப்பவர்கள் காகிதத்தோடு மல்லுக்கட்டியவர்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான நிதின் சேத்தி 2019-ல் தேர்தல் பத்திரங்கள் (பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் திட்டம்) குறித்து எழுதிய தொடருக்கு அடிப்படை, ஆர்.டி.ஐ. மூலம் வந்த அரசுக் கோப்புகள்தான். ரிசர்வ் வங்கி எதிர்த்ததும், அந்த எதிர்ப்பை நிதி அமைச்சகம் ஓரம் தள்ளியதும் கோப்புக் குறிப்புகளிலேயே இருந்தன. அந்தத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது.

சிக்கல் செலவில் இருக்கிறது. சென்னைக்கோ டெல்லிக்கோ ஐந்து பேர் போக வர, தங்க, சாப்பிட ஆகும் தொகையில் எங்கள் ஒதுக்கீட்டில் பெரும் பங்கு கரைந்துவிடும். மொழியும் ஒரு தடைதான். பெரும்பாலான நல்ல பயிற்சிகள் ஆங்கிலத்தில். எங்கள் நிருபர்களில் இருவர் தமிழில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதுவார்கள், ஆங்கில வகுப்பில் வாயே திறக்க மாட்டார்கள். மூன்றாவது குறை, மேலே சொன்ன அதே காலண்டர்.

ஒரு வருடப் படிப்பு

இது சீக்கிரம் முடிகிற விஷயம். சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் போன்ற இடங்களில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. புலனாய்வும் அதில் வரும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற, வீட்டில் பணம் கட்ட முடிகிற ஒருவருக்கு அது நல்ல அடித்தளம். வேலையில் இருக்கும் நிருபரை ஒரு வருடம் அனுப்பிவைப்பது எங்களால் ஆகாது. கட்டணத்தை விடுங்கள், ஐவரில் ஒருவர் போனால் நகராட்சிக் கூட்டத்துக்கு யார் போவது? படித்துவிட்டு வந்தவர் எங்களிடமே திரும்பி வருவார் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. வந்தால்தான் ஆச்சரியம்.

இலவச இணையவழிப் படிப்புகள்

பணமே இல்லாதவர்களுக்கு இது உண்மையிலேயே வரம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நைட் மையம் பல ஆண்டுகளாகப் பத்திரிகையாளர்களுக்கு இலவசப் படிப்புகள் நடத்துகிறது. மத்திய அரசின் பணியாளர் துறையும் ஆர்.டி.ஐ. பற்றி இணையச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைத் தந்து வந்திருக்கிறது. அட்டவணைக் கோப்பைச் சுத்தம் செய்வது, தரவை வரிசைப்படுத்துவது, படத்தின் உண்மைத்தன்மையைச் சோதிப்பது மாதிரியான கைவேலைகளுக்கு இணையவழிப் பாடம் நேரடி வகுப்பைவிட மேல். நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வெளிநாட்டுப் பாடங்களில் வரும் பொதுப் பதிவுச் சட்டம் அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வழக்குப் போட்டு வாங்கும் பழக்கம், இங்கே ஆணையத்துக்குப் போகும் பழக்கம். கதையை எப்படித் தேடுவது என்பதை அவர்களிடம் கற்கலாம், மனுவை எப்படி எழுதுவது என்பதை முடியாது. இரண்டு, பாடம் எப்போது தயாரானது என்று பாருங்கள். இந்திய ஆர்.டி.ஐ. பாடங்கள் பலவற்றிலும், தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஜெ) பிரிவு பழைய வடிவில் இருக்கிறது. தனிநபர் தகவலாக இருந்தாலும் பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம், சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் அந்த வாசகங்களை வெட்டியது. வெட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது "தனிநபர் தகவல்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே மறுக்கலாம். மிஞ்சியிருப்பது 8(2) பிரிவு: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிற வாசல். இனி மேல்முறையீட்டில் அதைத்தான் பிடித்து வாதாட வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் சொல்லாத பாடத்தை நம்பி மனு எழுதுவது, பழைய பஸ் டைம்டேபிளைப் பார்த்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பது மாதிரி.

இன்னொன்றும் உண்டு. இரவு டெஸ்க் வேலை முடித்து வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறக்கும் நிருபரை நான் இன்னும் பார்த்ததில்லை. நானே மூன்று படிப்பில் சேர்ந்து மூன்றையும் இரண்டாவது வாரத்தில் விட்டவன்.

ஆர்வலர்களோடு சேர்வது

தமிழ்நாட்டில் இதற்கு வாய்ப்பு அதிகம். அறப்போர் இயக்கம், சட்டப் பஞ்சாயத்து இயக்கம் போன்ற அமைப்புகள் மனு போடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். டெண்டர் ஆவணங்களை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது என்பதை அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்தால் கற்கலாம். எல்லா மாவட்டத்திலும், அமைப்பு எதுவும் இல்லாமல் தனியாக நூற்றுக்கணக்கில் மனு போட்டிருக்கும் ஒரு பெரியவராவது இருப்பார். அவர் வீட்டு அலமாரியில் எங்கள் மாவட்டத்தின் பாதி வரலாறு கட்டுக்கட்டாக இருக்கும்.

இந்தக் கூட்டு வேலை செய்யும் என்பதற்குத் தேர்தல் பத்திரக் கதையே சாட்சி. நிதின் சேத்தி எழுதினார். ஆனால் அந்தக் காகிதங்களை ஆர்.டி.ஐ. போட்டு வாங்கியவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற லோகேஷ் பத்ரா. விடாமல் கேட்டவர் ஒருவர், வந்ததைப் படித்துக் கோத்தவர் இன்னொருவர்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. ஆர்வலருக்கு ஒரு நோக்கம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். அவர் கேட்கும் கேள்வி ஏற்கெனவே யாரையோ நோக்கி நீட்டப்பட்டிருக்கும். நிருபர் அந்தக் கட்டையே கையில் வாங்கிக்கொண்டு எழுதினால் மறுதரப்பின் காகிதத்தைக் கேட்க மறந்துபோவார். ஒருமுறை எங்களுக்கு அப்படி ஆயிற்று. கிடைத்த ஆவணம் உண்மை, ஆனால் அதற்குப் பின்னால் வந்த திருத்த உத்தரவு அந்தக் கட்டில் இல்லை. மறுப்புச் செய்தி போட வேண்டியதாயிற்று. தவறு முழுக்க எங்களுடையது, நாங்கள்தான் கேட்கவில்லை. அதனால் ஆர்வலரை நூலகமாக வைத்துக்கொள்ளலாம், ஆசிரியராக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

அலுவலகத்துக்குள்ளேயே, ஒரு உண்மையான கோப்பை வைத்து

இனி எனக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

போன வருடம் சின்னதாகச் சோதித்துப் பார்த்தோம். வக்கீலையோ பேராசிரியரையோ கூப்பிடவில்லை. நகராட்சியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூப்பிட்டோம். சனிக்கிழமைதோறும் மாலை ஒரு மணி நேரம். முதல் நாள் அவர் சட்டத்தைப் பற்றி எதுவுமே பேசவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஒரு சாலை வேலைக்கு நகராட்சியில் என்னென்ன காகிதம் பிறக்கும் என்று வரிசையாக எழுதினார். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் அறிவிப்பு, வந்த விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியல், மன்றத் தீர்மானம், வேலை உத்தரவு, ஒப்பந்தம், எம்-புக் என்கிற அளவுப் புத்தகம், தரக்கட்டுப்பாட்டு அறிக்கை, பில். "தம்பி, இதுல எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஏன் ரோடு பேந்துச்சுன்னு கேட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்றே அந்தப் பழைய மனு மறுபடி எழுதப்பட்டது. "மேற்படி சாலைப் பணி தொடர்பான வேலை உத்தரவு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், தரக்கட்டுப்பாட்டு ஆய்வு அறிக்கை, இறுதிப் பில் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்கவும். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதிக்கவும்." ஏன், எதற்கு எதுவும் இல்லை. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீடு போஸ்ட். இருபத்தாறாவது நாள் பதில் வந்தது: 41 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 82 ரூபாய் கட்டவும்.

அந்த 41 பக்கத்தைப் படிக்க மூன்று சனிக்கிழமை ஆயிற்று. எண்களைப் பார்த்தே பழக்கமில்லாத நிருபர்களுக்கு எம்-புக் முதலில் கிறுக்கலாகத்தான் தெரியும். நீளம், அகலம், கனம், அளந்த தேதி, அளந்தவர் சுருக்கொப்பம். "கனம் எத்தனை மில்லிமீட்டர்னு எழுதியிருக்கு பாரு. பேந்து கிடக்கிற ஓரத்துல ஸ்கேலை வெச்சுப் பாரு" என்றார் பெரியவர். போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அதைவிட ருசியான விஷயம் தேதியில் இருந்தது. அளவெடுத்ததாக எழுதியிருந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஊரில் கொட்டிய மழையில் அதே சாலையில் முழங்கால் தண்ணீர் நின்ற படத்தை எங்கள் இதழே வெளியிட்டிருந்தது! பழைய இதழ்க் கட்டை எடுத்து எம்-புக்கின் பக்கத்தில் வைத்தபோது அந்த இளைஞர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதானால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முதல் மனுவில் "யார் பொறுப்பு?" என்று கேட்டோமே, அதற்கு விடை இங்கே இருந்தது.

காகிதத்தையும் களத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இந்த வித்தை புதிதல்ல. ராஜஸ்தானில் அருணா ராயும் தோழர்களும் கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற உழைப்பாளர்-விவசாயிகள் அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா ஊரில் முதல் மக்கள் விசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் கணக்கை ஊருக்கு நடுவே உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி போயிருந்தது ஊருக்கே தெரிந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே, நாட்டிலேயே முதலாகத் தனக்கென ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்தது. விதிவிலக்குகளின் பட்டியல் நீண்டு அது பெயருக்கு இருந்தது என்பது வேறு கதை.

அலுவலகத்துக்குள் பயிற்சி என்றால் இன்னொரு லாபம் உண்டு. மனு போடாமலே கிடைக்கிறவை எத்தனை என்பது அப்போதுதான் தெரிகிறது. வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்க்கலாம். வேட்பாளர் தாக்கல் செய்த சொத்துப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் யார், கணக்கு என்ன என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டியவை என்று சட்டத்தின் 4(1)(பி) பிரிவு ஒரு நீண்ட பட்டியலே தருகிறது. பயிலரங்குகளில் இதை ஒரு ஸ்லைடில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எங்கள் சனிக்கிழமைகளில் இரண்டு வாரம் இதற்கே போயிற்று.

இந்த வழியின் ஓட்டைகள்

இனி குறைகள். ஓய்வு பெற்ற அதிகாரிக்குக் கோப்பு தெரியும், செய்தி தெரியாது. எந்தக் காகிதம் இருக்கிறது என்பார், அதில் எது கதை என்பதைச் சொல்ல மாட்டார். அதற்கு மூத்த செய்தியாளர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். முன்னாள் சகாக்கள் மீது அவருக்கு ஒரு பரிவும் இருக்கும். எங்களவர், "அந்த ஜே.இ. பாவம், ட்ரான்ஸ்ஃபர்ல வந்தவன்" என்று அந்த இளநிலைப் பொறியாளரைப் பற்றி இரண்டு முறை சொன்னார். அதனால் அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் கோப்பை இனி பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

சட்டத்தின் நுணுக்கமான இடங்களிலும் அவர் போதாது. "அளவுக்கு மீறிய மனித வளம் தேவைப்படும்" என்று 7(9)-ஐக் காட்டி மறுக்கும்போது, அந்தப் பிரிவு தகவலின் வடிவத்தை மாற்றித்தான் தரச் சொல்கிறது, தகவலை மறுக்கச் சொல்லவில்லை என்று திருப்பி எழுத ஒரு வக்கீல் வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறையை 2008-லேயே தமிழக அரசு ஆர்.டி.ஐ. விலக்குப் பட்டியலில் வைத்துவிட்டது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்ற வரியும் அதே 24-ஆம் பிரிவில் இருக்கிறது. இதையெல்லாம் பதில் வந்த பிறகு புத்தகத்தில் தேடினால் மேல்முறையீட்டுக் கெடு ஓடிவிடும்.

பாதுகாப்பு அடுத்தது. 2010 ஜனவரியில் புனே அருகே சதீஷ் ஷெட்டி, அதே ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே அமித் ஜெத்வா. இருவரும் ஆர்.டி.ஐ. ஆர்வலர்கள், இருவரும் கொல்லப்பட்டார்கள். மணல், நிலம், குவாரி பற்றி மனு போடும் நிருபரின் வீட்டு முகவரி மனுவில் இருப்பது சரியல்ல. தொடர்புக்குத் தேவையானதைத் தவிர வேறு விவரம் தர வேண்டியதில்லை. தபால் பெட்டி எண் போதும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. இதழின் லெட்டர்பேடில் மனு போடுவதும் பிரச்சினை, சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு. நிருபர் தன் பெயரில் கையெழுத்திட்டு அலுவலக முகவரி தருவது எங்கள் வழக்கம். ஆபத்தான விஷயம் என்றால் ஆசிரியர் பெயரில் போகும், அதாவது என் பெயரில்.

இந்த வழி தோற்கும் இடம் ஒன்று உண்டு: ஒழுங்கு. சனிக்கிழமை மாலை என்றால் எம்.எல்.ஏ. நிகழ்ச்சி வரும், விபத்து வரும், பயிற்சி அடுத்த வாரத்துக்குப் போகும். இரண்டு வாரம் தள்ளினால் செத்துவிடும். பயிலரங்குக்கு ஆளை அனுப்பினால் அவர் அங்கே இருந்துதான் ஆக வேண்டும். இங்கே அப்படி இல்லை. எங்களைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. மனு எண், அனுப்பிய தேதி, சேர்ந்த தேதி, முப்பதாவது நாள், மேல்முறையீட்டுக் கடைசி நாள் என்று கட்டம் போட்டு ஆணியில் தொங்கவிட்டோம். அதில் சிவப்பு மை விழுந்தால் யாரும் சும்மா இருக்க முடியாது.

அப்புறம், யாருக்கு எது?

தினசரி ஒன்றில் இருந்தால், திரும்பி வந்ததும் பின்தொடர மூத்தவர் ஒருவர் டெஸ்கில் இருந்தால், பயிலரங்கு சரியான தேர்வு. இந்தியன் எக்ஸ்பிரஸின் ஷியாம்லால் யாதவ் மாதிரி ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தால் பயிலரங்கே தேவையில்லை. 2016-ல் அவர் வங்கிகளுக்கு ஆர்.டி.ஐ. போட்டு வெளிக்கொண்டு வந்த செய்தி நினைவிருக்கலாம். ஜன் தன் கணக்குகளில் பூஜ்ய இருப்பு என்ற பெயரைப் போக்க, வங்கி ஊழியர்களே கணக்குக்கு 1 ரூபாய் போட்டு வைத்திருந்தார்கள். ஒரே கேள்வியைப் பல வங்கிகளுக்கு அனுப்பி, பதில்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் பொறுமையில் பிறந்த செய்தி அது.

தனியாக எழுதுகிறவர் என்றால் இணையவழிப் பாடமும், பக்கத்து ஊர் ஆர்வலரின் அலமாரியும். படிப்பை முடித்து வெளியே வந்த இருபத்திரண்டு வயசுக்காரர் என்றால், முடிந்தால் ஒரு வருடப் படிப்பு. எங்களைப் போல நாலைந்து பேர் உள்ள, தமிழில் மட்டும் இயங்கும் மாவட்ட இதழ் என்றால் உள்ளேயே நடத்துவதுதான் என் வாக்கு.

ஒன்றரை லட்சத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற அதிகாரிக்கு மாதம் 6,000 வீதம் பத்து மாதத்துக்கு 60,000. இந்த முறை நகராட்சிக்காரர் இல்லை, வருவாய்த் துறையில் இருந்தவர். மேல்முறையீடுகளைப் பார்க்கவும் வெளியிடும் முன் செய்தியைப் படிக்கவும் ஒரு வக்கீலுக்கு 30,000. மனு, நகல், கோப்புப் பார்வைக்குப் போக வர 25,000. பயிலரங்குக்கு 20,000, அதுவும் ஐந்து பேரையும் அனுப்ப இல்லை. ஆறாவது மாதத்தில் ஒருவரை மட்டும், கையில் குறைந்தது மூன்று மறுப்புப் பதில்களோடு. கேட்க உண்மையான சந்தேகம் இருக்கிறவர் அங்கே போனால் துணிப்பையோடு மட்டும் திரும்ப மாட்டார். மீதி 15,000-ஐத் தொடாமல் வைத்திருக்கிறேன், ஆணையத்தின் விசாரணைக்குச் சென்னை போக வேண்டி வரும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் எனக்கும் நிர்வாகத்துக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. பெயர் பெற்ற இருவரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள் அவர்கள். ஐவரோடும் தாலுகாவில் இருக்கிற பகுதிநேர நிருபர் இருவரையும் சேர்க்க வேண்டும் என்கிறேன் நான். ஏழு பேர் உட்கார எங்கள் மேசை போதாது என்பது அவர்களுடைய அடுத்த வாதம். நோட்டில் இப்போது பதினான்கு மனுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்பதாவது மனுவுக்கு வருகிற வியாழக்கிழமை முப்பதாவது நாள்.